இரட்டை வேகத்தில் இரண்டாம் சரணம்

மார்ச் 3, செவ்வாய்

இல்லை, பயம் காரணமில்லை. சுதன் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லாமல் வந்ததற்குக் காரணம் வேறு. என்னவென்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

அவன் கேட்டது இதுதான். பாட்டு வெளியானதும் சென்னைக்குப் போகிறான். அங்கே ஒரு கம்பெனி ஒப்பந்தம் பேசியிருக்கிறது. நானும் கூட வர வேண்டும். பதிவுத் திருமணம். வீட்டில் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பாட்டு வெளியாகும் அன்று பதில் சொன்னால் போதும்.

சுதன் ராப் பாடுகிறவன். பொன்மலையில் அவனுக்கு எம்.சி. டீசல் என்று பெயர். என்னையும் என் தம்பி ஆல்வினையும் போல ரயில்வே பட்டறையின் சுவரைப் பார்த்து வளர்ந்தவன். அவனுடைய முதல் பெரிய வீடியோவை நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோதான் எடுக்கிறது. பாலக்கரையில் இர்ஃபான் அண்ணனின் கடை. கல்யாணம், காதுகுத்து, எப்போதாவது இப்படி ஒன்று. நான் எடிட்டர். படித்தது எம்.ஏ. ஆங்கிலம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது அம்மாவின் கட்சி.

இன்று ஸ்டூடியோ மாடிப்படியில் உட்காரவைத்து, ஒரு காதில் இயர்போனைச் செருகி, இரண்டாம் சரணத்தைக் கேட்க வைத்தான்.

மாவுக் கை ரெண்டும் மேல, முழங்கையால பக்கம் திருப்புவா
ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டே ஒலகத்தையே சுத்துவா
வெளக்கப் போட மறந்துபோவா, வெளிச்சமா அவ நிப்பா
நீ போயிட்டா பேபி, இங்க எவ இருட்டுல படிப்பா

"யாருன்னு தெரியுதா?" என்றான்.

தெரிந்தது. சப்பாத்திக்கு மாவு பிசையும்போது அலமாரித் தட்டில் புத்தகத்தைத் திறந்துவைத்துப் படிப்பேன். கையெல்லாம் மாவு. பக்கத்தை முழங்கையால் தள்ளுவேன். ஒரு காலை மடக்கி இன்னொரு காலின் முட்டியில் வைத்துக்கொள்வேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமே இல்லை.

ஒருவன் இவ்வளவு பார்த்திருக்கிறான்.

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல. கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சுதன் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. சமையலறை ஜன்னல் பின்பக்கம், பழைய கரிக்கொட்டகையைப் பார்த்தபடி இருக்கிறது. அந்தப் பக்கமாக ஒரு ஒற்றையடிப் பாதை இருக்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

பாதை இல்லை. முள்வேலி. தூரத்திலிருந்தும் பார்த்திருக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

இர்ஃபான் அண்ணன் ஒரு வாரமாக ராப் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறார். கண்ணை மூடித் திறப்பதற்குள் இது ராப் என்று தெரிந்துவிட வேண்டும் என்கிறார். கேமரா முழங்கால் உயரத்தில், அண்ணாந்து. அப்போது பாடுகிறவன் கட்டடம் மாதிரி தெரிவான். விரல்கள் லென்ஸைக் குத்த வேண்டும். ஒரு கார் வேண்டும். வண்ணப் புகை. இடிந்த சுவர். மேலிருந்து ட்ரோன். பெண்ணைப் பற்றிய வரியில் காற்றில் முடி பறக்க ஒரு பெண். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடுகிறவன் பின்னால் ஒரு கூட்டம் நின்று முறைக்க வேண்டும். ஒருவன்கூடச் சிரிக்கக் கூடாது.

ஏன் என்று கேட்டேன்.

"சிரிச்சா காதுகுத்து ஆயிடும்மா."

முதல் சரணத்தில் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது. அந்த இடத்தில் ஒலியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். உதடு அசையும், சத்தம் வராது. இதுவும் வழக்கம்தானாம். வார்த்தை காதில் விழுந்தால் ஜனம் அப்படியே கடந்து போய்விடும், விழாவிட்டால்தான் உதட்டைப் பார்க்கும் என்றார். கல்யாண வீடியோ எடுக்கிறவர் சொல்கிற விஷயமாக இல்லை. எழுதிவைத்துக்கொண்டேன்.

கார், மனை விற்கும் ஒருவருடையது. சங்கிலி ஃபேன்சி ஸ்டோர் சரக்கு. பெண் சென்னையிலிருந்து வருகிறாள். முறைக்கப்போகும் பையன்கள் பிரியாணிக்கு வருகிறார்கள். எல்லாமே இரவல். வரிகள் மட்டும் அவனுடையவை.

என் முடிவுக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஆல்வின் என்னைக் கவனிக்கிறான்.

அவன் பட்டறையில் அப்ரண்டிஸ். வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டுப் பழைய தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவான். அங்கே பையன்கள் வட்டமாக நின்று ஆளுக்கு நாலு வரி ராப் சொல்வார்கள். ஒருவன் முடித்த இடத்தில் அடுத்தவன் எடுக்க வேண்டும். சுதனும் அந்த வட்டத்திலிருந்து வந்தவன்தான். கொஞ்ச நாளாக ஆல்வின் அங்கே போவதில்லை. கேட்டால் கால் வலி என்கிறான். கால் வலிக்காரன் மாடிக்கும் கீழுக்கும் ஏன் நடக்கிறான்?

இன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பாட்டின் தாளத்தை முனகியிருப்பேன், வரிகள் இல்லாமல். திரும்பினால் கதவில் நிற்கிறான். என்னடா என்றேன். ஒன்றுமில்லை என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். யாருக்கு என்ன அனுப்பினான்? அம்மாவுக்கா?

அம்மாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் வேலை, அப்பா போன பிறகு கருணை அடிப்படையில் கிடைத்தது. சுதன் விஷயம் தெரிந்தால் சண்டை போட மாட்டாள். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். தவக்காலம் வேறு. அதற்குச் சண்டையே மேல்.

ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங்குக்கு வருகிறாயா என்று ஆல்வினிடம் கேட்டுப் பார்த்தேன். முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் கேட்டேன்.

"எனக்கென்ன வேல அங்க" என்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

வந்தான்.

இடிக்க விட்டிருக்கும் பழைய குடியிருப்பில் ஷூட்டிங். வெயில். கார்க்காரர் காரை மட்டும் அனுப்பினார், சாவியைத் தரவில்லை. பெயின்டில் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லியனுப்பியிருந்தார். பையன்கள் துணியைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார்கள். ஸ்லோமோஷனில் அது மிதந்து வருவது போலத் தெரியும். மானிட்டரில் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வந்தது.

இரண்டாம் சரணத்துக்கு அந்தச் சென்னைப் பெண். பெயர் ரியா. நல்ல பெண். இந்த வரியில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். அண்ணன் யோசித்தார்.

"முழங்கைன்னு வருதுல்ல. கார் மேல முழங்கைய ஊனிக்கங்க."

பெயின்ட், பெயின்ட் என்று யாரோ கத்தினார்கள். கடைசியில் என் துப்பட்டாவை மடித்து அவள் முழங்கைக்குக் கீழே வைத்தோம். அவள் முடி பறப்பதற்குக் காற்றடிக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். என்னைப் பற்றிய வரிக்கு வேறொருத்தியின் முடியைப் பறக்கவிட்டேன். சிரிப்பு வந்தது. கேமராவுக்கு வெளியே நின்றதால் சிரிக்கலாம்.

ஸ்லோமோஷன் எடுக்கும் முறை விநோதமானது. பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிடுகிறார்கள். பாடகன் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும். பிறகு படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால், ஆட்கள் தண்ணீருக்குள் நடப்பது போல நடப்பார்கள், உதடு மட்டும் பாட்டோடு பொருந்தி நிற்கும். பாட்டு வெளியே கசிந்துவிடும் என்று சுதன் இதுவரை யாரையும் கேட்கவிடவில்லை. பையன்கள் இன்றுதான் முதல்முறை கேட்டார்கள், அதுவும் அணில் கத்துவது போல. ஒருவனுக்கும் ஒரு சொல் புரிந்திருக்காது.

சுதன் முழங்கை வரியில் தடுக்கினான். மறுபடி. மறுபடியும். ராத்திரி தூக்கமில்லை என்றான். இருக்கும்.

ஆல்வின் பின்வரிசையில் ஓரமாக, கறுப்புக் கண்ணாடியோடு நின்றான். முறைக்கச் சொன்னால் ஜுரம் வந்தவன் போல நிற்கிறான். ஆனால் வாய். அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது. எதையோ மெல்கிறான்.

புகையிலை. வேறு என்ன? அப்பா எதில் போனார் என்று தெரிந்த பிள்ளை.

இடைவேளையில் பக்கத்தில் போய் நின்றேன். புகைக்குண்டு நாற்றத்தில் வேறொன்றும் தெரியவில்லை. "என்ன மோந்து பாக்குற?" என்றான். வேர்வை நாற்றம், போய்க் குளி என்றேன்.

மார்ச் 9, திங்கள்

துவைக்கப் போடும்முன் அவன் சட்டைப் பையைப் பார்த்தேன். ஒரு வாஷர், பஸ் டிக்கெட். பொட்டலம் இல்லை. எங்கோ மறைக்கிறான்.

சுதன் போன் செய்தான். பதில் கேட்கவில்லை. "ஆல்வின் வீட்ல ஏதாச்சும் சொன்னானா?" என்றான்.

என்ன சொல்ல வேண்டும்?

"சும்மா கேட்டேன்."

இருவருக்கும் இடையில் ஏதோ இருக்கிறது. எங்களைப் பற்றித் தெரிந்து ஆல்வின் அவனை மிரட்டுகிறானா? அவனுக்கு ஒரு நாயைக்கூட மிரட்டத் தெரியாது. ஆனாலும்.

மார்ச் 10, செவ்வாய்

கேஸ் தீர்ந்தது. ஹோட்டல் தோசை.

மார்ச் 11, புதன்

காலையில் ஒரு காதுகுத்து வீடியோவை முடித்தேன். குழந்தை அழுகிறது, தாய்மாமன் சிரிக்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு எம்.சி. டீசல் பாட்டு.

ஒரு டேக் வீணாகியிருந்தது. புகை அடித்ததில் கேமராவின் ஃபோகஸ் சுதனை விட்டுவிட்டுப் பின்வரிசையில் போய் நின்றுவிட்டது. முன்னால் சுதன் மங்கல். பின்னால் ஆல்வின் துல்லியம், பரு வரைக்கும். எடுத்த வேகத்திலேயே ஓட்டினேன். மெல்கிறான். வேகவேகமாக மெல்கிறான். சாட்சி கிடைத்தது என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்க்கலாம், பல்லில் கறை இருக்கிறதா என்று.

நன்றாகத் தெரிவதற்காகப் பாதி வேகத்துக்கு இறக்கினேன்.

மெல்லவில்லை.

பாட்டைக் கீழே இணைத்தேன். உதட்டோடு பொருத்த முன்னே பின்னே நகர்த்த வேண்டியிருக்கவில்லை. மாவுக் கை ரெண்டும் மேல. ஆல்வின் உதடு. முழங்கையால பக்கம் திருப்புவா. ஆல்வின் உதடு. அந்த வரியில்தான் சுதன் தடுக்கினான், அந்த மங்கலிலும் தாடை நிற்பது தெரிகிறது. ஆல்வின் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் முதல்முறை கேட்டார்கள். இது முதல் டேக்.

கடைசி வரி. நீ போயிட்டா பேபி. பேபி என்ற சொல்லுக்கு உதடு இரண்டு முறை ஒட்ட வேண்டும். சுதன் உதடு ஒட்டுகிறது. ஆல்வின் உதடு ஒட்டவில்லை. வாய் திறந்தபடி, தொண்டையிலிருந்து. அது எந்தச் சொல் என்று கண்டுபிடிக்க நான் எடிட்டராக இருக்க வேண்டியதில்லை. தினமும் கேட்கிற சொல். தண்ணி இல்லக்கா. சாவி எங்கக்கா.

நீ போயிட்டா அக்கா.

பலமுறை ஓட்டினேன். அண்ணன் டீ வாங்கி வைத்திருந்தார். ஆறிப்போயிற்று.

இதற்கு வேறு விளக்கமும் இருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

சுதனை ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னேன். இரண்டாம் சரணத்தில் ஒரு குளோசப் குறைகிறது, இரட்டை வேகத்தில் ஒருமுறை வாயசைத்தால் போதும் என்றேன். பொய்யில்லை. குறைந்தது.

சங்கிலியோடு வந்தான். கழுத்தில் பச்சையாகக் கறை. கறுப்புத் துணிக்கு முன்னால் நிறுத்தி, நானே கேமராவை வைத்து, பாட்டை ஓடவிட்டேன். அதே இடம். நின்றுவிட்டான். இன்னொரு முறை. அதே இடம்.

"செலின், இந்த முழங்கை வரிய மாத்திடலாமா? ஷார்ட்ஸ்ல போட்டா எவனுக்கும் புரியாது."

"நீ எப்ப பாத்த, நான் அப்படிப் படிக்கிறத?"

கொஞ்சம் விழித்தான். பிறகு சிரித்தான். அழகான சிரிப்பு, அதை மறுப்பதற்கில்லை.

"பாக்கணுமா என்ன? கற்பனதான். நீ எம்.ஏ. படிச்சவ, உனக்குத் தெரியாதா? யாராச்சும் நெஜமாவே முழங்கையால பக்கம் திருப்புவாங்களா?"

தலையாட்டினேன். வரி நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்றேன். சனிக்கிழமை மத்தியானம் பாட்டு வெளியாகிறது, அதற்குள் நல்ல பதிலாகச் சொல் என்று கையைப் பிடித்துவிட்டுப் போனான். போகும்போது கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தான். கீழிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் இன்னும் உயரமாகத் தெரிவான்.

மார்ச் 13, வெள்ளி

சிலுவைப் பாதைக்கு அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மாவு பிசைந்தேன். புத்தகத்தைத் திறந்துவைத்தேன், படிக்கவில்லை. முழங்கையால் தள்ளினேன்.

"ரெண்டு பக்கம் சேந்து போயிடுச்சுக்கா."

ஆல்வின் கதவில் நின்றான். தண்ணீர் குடிக்க வந்திருக்கிறான். எப்போதும் இந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க வருவான். இத்தனை வருடம் வந்திருக்கிறான்.

திரும்பாமல் கேட்டேன். எது, எப்போது, எப்படி. மறைக்கவில்லை. தொட்டிப் பக்கம் ஒரு சாயங்காலம் சொன்ன நாலு வரி. சுதன் வழக்கம்போல எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டிருந்தான். அதில் தப்பில்லை என்றான் ஆல்வின். வட்டத்தில் விட்டது வட்டத்துக்கு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம், யாரும் கேட்கக் கூடாது. அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம்.

ஒரு சொல்லை மாற்றியிருக்கிறானே என்றேன். சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ முனகிக்கிட்டே பாத்திரம் கழுவுன. என் தாளம்னு தெரிஞ்சுச்சு. நான் பாடிக் காட்டியிருந்தா அப்படிக் கழுவியிருப்பியா? போய்க் குளிடான்னுருப்ப."

சொல்லியிருப்பேன்.

பின்னே ஷூட்டிங்குக்கு ஏன் வந்தாய் என்றேன். காரைத் தள்ள ஆள் வேண்டுமே என்றான். பிறகு, "வாய் நிக்கலக்கா. தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் கண்ணாடி போட்டேன்" என்றான். கண்ணாடி வாயை மறைக்காது என்று அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. இருவரும் சிரித்தோம். காதுகுத்து மாதிரி.

தன் பெயரை எங்கும் போடக் கூடாது என்றான். அக்காவுக்குப் பாட்டு எழுதினவன் என்று பட்டறையில் ஆயுசுக்கும் ஓட்டுவார்கள்.

சென்னை விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சுதன் வட்டத்தில் சொல்லியிருக்கிறான். எனக்கு முன்னால் அவர்களிடம்.

"போறதுன்னா போ" என்றான். "அந்தப் பாட்டுக்காகப் போகாத."

மாவு இறுகிவிட்டது. தண்ணீர் தெளித்தேன். இப்போது அதிகமாகிவிட்டது.

பாட்டுக்காக நான் யோசித்தேன் என்று அவனிடம் யார் சொன்னது?

மார்ச் 14, சனி

காலையில் சீக்கிரம் ஸ்டூடியோ போனேன். இரண்டாம் சரணத்திலிருந்து ரியாவை எடுத்தேன். காரை எடுத்தேன், என் துப்பட்டாவோடு. கடைசி வரிக்கு அந்த வீணான டேக்கை வைத்தேன். முன்னால் சுதன் மங்கலாக. பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவன், முறைக்கத் தெரியாமல். வெட்டவில்லை, வரி முடியும்வரை ஓடவிட்டேன். பேபி என்ற இடத்தில் மட்டும் ஒலியை எடுத்தேன்.

இர்ஃபான் அண்ணன் பார்த்தார். ஃபோகஸ் போன டேக்கை ஏம்மா வச்ச என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். அந்த இடத்தில் கெட்ட வார்த்தையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி, இருக்கட்டும் என்றார்.

சுதன் போனில் பார்த்துவிட்டு, அந்த மங்கல் ஷாட் ரொம்ப ஆர்ட்டாக இருக்கிறது என்று குரல் செய்தி அனுப்பினான். அவன் பார்த்தது தன்னை மட்டும்தான் போல. சின்னத் திரை.

பாட்டு மத்தியானம் வெளியானது. கீழே கருத்துகள் வர ஆரம்பித்தன. ஒருவர் விடாமல் அந்த வார்த்தை என்ன என்று கேட்கிறார்கள். ஆளுக்கொரு கெட்ட வார்த்தையை ஊகிக்கிறார்கள்.

சுதனுக்கு எழுதினேன்: நான் வரவில்லை. ஏன் என்று கேட்டான். கடைசி வரியில் பின்னால் நிற்கிறவன் உதட்டைப் பார் என்று எழுதிவிட்டுப் போனை அணைத்தேன்.

வரும் வழியில் கடையில் கோதுமை மாவு வாங்கினேன். வீட்டுக்கு வந்து சமையலறை விளக்கைப் போட்டேன்.